போர் தண்ணீரில் விளைந்த படிகங்கள்

நான் நான்கு நாள் போர்வெல் தண்ணீரில் பிராத் காய்ச்சினேன். லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இந்த வரியைப் படித்ததுமே பக்கென்று இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சீழையோ ரத்தத்தையோ போட்டுக் கிருமியை வளர்க்கிற சாறு அது. காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் அதைத் தயாரிக்க வேண்டும் என்பது நாம் படிக்கிற முதல் பாடம். அந்தப் பாடத்தை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாயால்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டீர்கள். ஸ்டெயின் போடுவது, பிளேட் கீறுவது எல்லாம் என்னைவிட உங்கள் புத்தகம் நன்றாகச் சொல்லும். புத்தகம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அதில் நான் கதாநாயகி இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவில் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி போர்வெல்லில் வருகிற தண்ணீரை ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்பு ஏறி ஏறித்தான் தண்ணீர் வடிக்கிற எந்திரத்தின் சூடேற்றும் கம்பிச்சுருள் ஒரு திங்கட்கிழமை எரிந்துபோனது. திருநெல்வேலியிலிருந்து வர வேண்டிய மெக்கானிக் நாளை நாளை என்று போனில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். கையிருப்பில் இருந்த வடித்த தண்ணீரை, கிருமி வளர்க்கிற பிளேட்டுக்கும் மற்ற வேலைக்கும் ஒதுக்கிவிட்டு, பிராத்துக்கு மட்டும் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு முறை வடிகட்டி, கண்ணாடிபோலத் தெளிந்த பிறகு பயன்படுத்தினேன். கிருமி நன்றாகவே வளர்ந்தது. பதிவேட்டில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தண்ணீர் சின்னத் தவறு. சொல்லாமல் விட்டதுதான் பெரிய தவறு.

அந்த வாரம் ராயகிரிப் பக்கத்திலிருந்து பரமசிவம் என்று ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐம்பதை நெருங்குகிற வயது. ஏழு வயதிலிருந்து வயல் சேற்றில் நிற்கிறவர். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையை நினைத்தால் போடுவார். ஒரு மாதத்துக்கு மேலாகக் காய்ச்சல். வேறெங்கோ நெஞ்சுப் படம் எடுத்து, நுரையீரலில் திட்டு இருப்பதைப் பார்த்து, டிபியாக இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். காய்ச்சல் அந்த மாத்திரையை மதிக்கவில்லை. எங்களிடம் வரும்போது மனுஷன் சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது. எங்கள் டாக்டர் ஊசி வழியாகக் கொஞ்சம் சீழை எடுத்து லேப்புக்கு அனுப்பினார். என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்வதை வைத்துத்தான் பரமசிவம் பிழைப்பதும் பிழைக்காததும். அது எனக்கும் தெரியும், வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாளுக்கும் தெரியும். காலையில் நான் உள்ளே போகும்போது எழுந்து நிற்பார். வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார்.

சீழ் வந்த அதே தட்டில் இன்னொரு குப்பியும் வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த குருவிகுளத்துக்காரரின் சிறுநீர். சிறுநீரகக் கல். எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டில் வெயிலில் நிற்கிறவர்களுக்குக் கல் வருவது சளி பிடிக்கிற மாதிரி. அந்தச் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆக்சலேட் படிகங்கள் தெரியும். ஒட்டிய தபால் உறையின் பின்பக்கம்போல, நடுவில் பெருக்கல் குறி போட்ட குட்டிச் சதுரங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைப் பார்ப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன்.

மூன்றாம் நாள் இரண்டிலும் கிருமி வளர்ந்திருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே சாதிபோல இருந்தன. தண்ணீரிலும் குழாயிலும் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் எங்கு பார்த்தாலும் மூக்கை நுழைக்கிற சூடோமோனாஸ் கூட்டம் என்று நினைத்தேன். கிருமி நீந்துகிறதா என்று பார்க்க, பரமசிவத்தின் சீழைப் போட்ட பிராத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கிருமி நீந்தியது. அதற்கு நடுவில் தபால் உறைகள் கிடந்தன.

கல்லீரல் சீழில் எப்படி ஆக்சலேட் படிகம் வரும்? வராது. சிறுநீரில்தான் வரும். பக்கத்துக் கட்டில்காரர் சிறுநீரில் அதே படிகம் இருக்கிறது, அதே மாதிரிக் கிருமியும் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் வந்தவை. ஆக, வார்டில் குப்பியை மாற்றிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு குஷி வந்தது. அனுபவம் என்றால் சும்மாவா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். "மாதிரி மாறியிருக்கிறது. மீண்டும் எடுத்து அனுப்பவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

"மாறியிருக்கலாம்" என்றுகூட எழுதவில்லை. கவனியுங்கள்.

அந்த ஒரு வரி என்னென்ன செய்தது என்று சொல்கிறேன். அந்தச் சீழிலிருந்து வருகிற எந்த முடிவையும் டாக்டர் நம்ப முடியாமல் போனது. ஜென்டாமைசினும் இன்னொரு மருந்தும் ஏறிக்கொண்டிருந்தன, அவையே தொடர்ந்தன. மறுபடி கல்லீரலில் ஊசி போட வேண்டும். ஆனால் அன்று காலை பரமசிவத்தின் தட்டணுக்களை எண்ணியவள் நான்தான். மிகவும் இறங்கியிருந்தது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் போனால் எங்கள் ஆஸ்பத்திரியில் அவ்வளவுதான். பேச்சியம்மாளிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயத்தில் அடம் பிடிக்கிறார் என்று நான் எரிச்சல்பட்டேன்.

சீழை வாங்கிக் குப்பியில் பெயர் ஒட்டியது ஜெயராணி சிஸ்டர். அவளைத் தலைமை நர்ஸ் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்கினார். எழுதிக் கொடுத்துவிட்டு லேப்புக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நிதானமாகத்தான் பேசினாள்.

"வடிவக்கா, நான் லேபிள் ஒட்டிட்டுத்தான் குப்பியைக் கையில எடுப்பேன். ஊசியை உருவும்போது பேரை வாய்விட்டு வாசிச்சேன், அவரு பொஞ்சாதி ஆமான்னு தலையை ஆட்டிச்சு. அது மாறாது. நீங்க இன்னொருக்கப் பாருங்க."

படிகம் பொய் சொல்லாது என்றேன். படிகம் பொய் சொல்லாதுதான், ஆனால் தானும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகாத பெண், என் கண்ணைச் சந்தேகப்படுகிறாள். அவள் சொன்னதை நிரூபிக்க அல்ல, தப்பென்று காட்டத்தான் மறுபடி உட்கார்ந்தேன். நல்ல காரியத்தைக் கெட்ட எண்ணத்தோடும் தொடங்கலாம், பிள்ளைகளே. தொடங்கினால் சரி.

என் கணக்கு எளிது. சிறுநீர் கலந்ததால்தான் படிகம் என்றால், அந்தச் சிறுநீர் பழைய குழாயோடு போய்விட வேண்டும். பிளேட்டில் வளர்ந்த ஒரே ஒரு கிருமிப் புள்ளியைத் தொட்டு, புதுக் குழாயில் போட்டால் படிகம் வரக் கூடாது. மூன்று குழாய் எடுத்தேன். ஒன்றில் வெறும் பிராத், எதுவும் போடவில்லை. இரண்டாவதில் அதே பிராத்தும் அந்தக் கிருமியும். மூன்றாவதுக்கு வரும்போதுதான் கை நின்றது. அதுவரை நான் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த போர் தண்ணீர் நினைவுக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, மிச்சமிருந்த வடித்த தண்ணீரில் கொஞ்சம் பிராத் செய்து அதிலும் கிருமியைப் போட்டேன்.

அடுத்த இரண்டு நாள் என் சர்வீஸிலேயே நீளமான இரண்டு நாள். பரமசிவத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் மதுரைக்கு அனுப்பலாமா என்று யோசித்தார். ஆனால் அங்கே போனாலும் கையில் கொடுத்தனுப்ப ஒரு முடிவு வேண்டுமே. பேச்சியம்மாள் கையெழுத்துப் போடவே இல்லை. சொந்தக்காரர்கள் வந்து திட்டினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், பேனாவைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குழாய்களை வெளியே எடுத்தேன். எதுவும் போடாத பிராத் தெளிவாக இருந்தது. வடித்த தண்ணீர்ப் பிராத்தில் கிருமி மண்டியிருந்தது, படிகம் ஒன்றுகூட இல்லை. போர் தண்ணீர்ப் பிராத்தில் கிருமியும் இருந்தது, அடியில் அரிசிமாவு தூவியதுபோல வெள்ளையும் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அத்தனையும் தபால் உறை. கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பாக இருந்தால் கரைந்திருக்கும். கரையவில்லை. ஆக்சலேட்தான்.

சிறுநீர் அந்தக் குழாய் பக்கம்கூட வரவில்லை. ஆக்சலேட்டைக் கிருமியே செய்திருக்கிறது. என் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்தோடு அது சேர்ந்து படிகமாக இறங்கியிருக்கிறது. ஜெயராணி குப்பியை மாற்றவில்லை. தண்ணீரை மாற்றியவள் நான்.

ஆனால் ஆக்சலேட் செய்கிற கிருமி எது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவரே இல்லை. ராயகிரி, சிவகிரிப் பக்கம் நெற்பயிரில் கதிர் பதராகிக் கருகுகிற ஒரு நோயை ஆராய வந்திருந்த பெண் அவர். பாத்திரங்களைக் கிருமி நீக்கிக்கொள்ள எங்கள் ஆட்டோகிளேவில் இடம் கேட்டு எப்போதாவது வருவார். நெல்லுக்கு டாக்டரம்மா வந்தாச்சு, கதிருக்கு நாடி பிடிக்கப் போறாங்க என்று நான்தான் அவரைக் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை தன் பிளேட்டிலெல்லாம் ஆக்சலேட் படிகம் என்று அலுத்துக்கொண்டது நினைவில் இருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துத்தான். அவரிடம் சொல்லும்போது வெட்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "யக்கா, ஃபேன் ஓடுதா?"

ஓடுகிறது என்றேன்.

"ஆஃப் பண்ணுங்க. பிளேட்டை மூடி டேப் ஒட்டுங்க. யாரும் மோந்து பாக்கலைல்லா?"

மோந்து பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. நானும் பார்த்திருந்தேன். மழை பெய்த மண் மாதிரி வாசம் என்று நினைத்ததும் உண்டு. அதைச் சொன்னதும், உங்களைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு நிதானமாக எனக்குப் பாடம் எடுத்தார். இவ்வளவு அழகாகப் பாடம் எடுக்கிற ஆளைக் கதிருக்கு நாடி பிடிக்கிறவர் என்று கேலி செய்தேனே என்று அப்போதே வெட்கமாகிவிட்டது.

அவருடைய நெற்கிருமிக்கு ஒரு பங்காளி உண்டு. அதே வயல் சேற்றில் வாழும். அது நெல்லை விட்டுவிட்டு மனுஷனைப் பிடிக்கும், அதிலும் சர்க்கரை இருக்கிற, சேற்றில் நிற்கிற மனுஷனைப் பிடிக்கும். மூச்சோடு உள்ளே போனாலும் பிடிக்கும். நுரையீரலில் இறங்கினால் டிபி மாதிரியே நடிக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். இந்தப் பங்காளிகள் எல்லோரிடமும் ஆக்சலேட் செய்கிற நொதி இருக்கிறது. அது எதற்கு என்று அவர் சொன்னபோது நான் வேலையை மறந்து கேட்டேன். பிராத்தில் கிருமி பெருகப் பெருக, புரதத்தைத் தின்று அம்மோனியாவைக் கழிக்கிறது. கூட்டம் கூடக் கூடச் சாற்றின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். தன் கழிவிலேயே தான் சாக வேண்டிய நிலை. அப்போது கூட்டம் பெருத்துவிட்டது என்று ஒன்றுக்கொன்று சைகை கொடுத்துக்கொள்கின்றன. உடனே அந்த நொதியைச் செய்ய ஆரம்பிக்கின்றன. நொதி ஆக்சாலிக் அமிலத்தைச் செய்கிறது, அமிலம் காரத்தை அடக்குகிறது, எல்லாம் பிழைக்கின்றன. நொதி இல்லாத வகையைத் தனியே வளர்த்தால் கூட்டம் பெருத்ததும் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போகும். தனியாக ஒரு கிருமி செய்கிற அமிலத்தால் ஒன்றும் ஆகாது. ஊர் கூடித்தான் தேர் நகர்கிறது.

நெல்லுக்குச் செய்கிற கேட்டில் இந்த அமிலத்துக்கும் ஒரு கை இருக்கும் என்று நினைக்கிறார்கள், மனுஷ உடம்பில் இது எவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்னும் முடிவாகத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரிடம் எனக்கு எப்போதும் மரியாதை. அந்தக் கிருமியின் மீதும் அன்று எனக்கு ஒரு மரியாதை வந்தது, ஒளிப்பானேன்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள், தன் சனத்துக்கு வருகிற ஆபத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஏற்பாடு செய்கிறது. நான் நாலு நாளாக எந்த ஆபத்தையும் கணக்குப் போடவில்லை.

கடைசியாக அவர் கேட்டது, ஜென்டாமைசின் கேட்கிறதா என்று. பிளேட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கிற சோதனையை, கிருமி வளர்ந்த அன்றே நான் செய்திருந்தேன். ஜென்டாமைசினைச் சுற்றி ஒரு துளி இடம்கூட இல்லாமல் கிருமி வளர்ந்திருந்தது. மாதிரியே மாறிவிட்டது, இதைப் பார்த்து என்ன என்று அந்தத் தாளை இழுப்பறையில் போட்டிருந்தேன். கேட்கவில்லை என்றேன். அப்படியென்றால் கிருமியின் பெயருக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் உடனே போங்கள், பெரிய லேப்புக்கு அனுப்பி உறுதிப்படுத்துவது பிறகு நடக்கட்டும் என்றார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். லேபிலிருந்து டாக்டர் அறைக்கு முப்பதடி தூரம். அந்த முப்பதடியில் என் புத்தி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. ஜென்டாமைசின் கேட்கவில்லை, கிருமி சந்தேகமாக இருக்கிறது, மருந்தை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னால் போதுமே. மாதிரி மாறவில்லை என்று தெரிந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதினால் ஜெயராணி பெயரும் தெளிந்துவிடும். தண்ணீரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. முப்பது வருஷம் சம்பாதித்த பெயர். பொய் சொல்லப் போவதில்லை, ஒன்றை விட்டுவிடப் போகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

டாக்டர் மதுரைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் யோசித்து வைத்தபடியே சொன்னேன். அவர் பேனாவை மூடவில்லை.

"வடிவக்கா, அன்னைக்கு அது வேற ஆள் மூத்திரம்னு எழுதுனீங்க. இன்னைக்கு அதே குப்பியை வச்சு மருந்தை மாத்தச் சொல்லுதீங்க. நான் எதை நம்ப? அந்தப் படிகம் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க, மாத்துதேன்."

என் குறுக்கு வழி அங்கேயே முட்டி நின்றுவிட்டது. அவர் கேட்டது நியாயம். அந்தப் படிகத்துக்குப் பதில் சொல்லாமல் நான் கொண்டுவந்த எதற்கும் மதிப்பில்லை. அதற்கு ஒரே பதில் போர் தண்ணீர். மறைக்க நினைத்ததுதான் சாட்சி. அதை எடுத்துவிட்டால் என் கையில் வழக்கே இல்லை.

சொன்னேன். நாலு நாள் போர் தண்ணீரில் பிராத் செய்தேன், பதிவில் எழுதவில்லை, இது மூன்று குழாய், இது படிகம், இந்தத் தண்ணீரில் மட்டும் வருகிறது, அந்தத் தண்ணீரில் வரவில்லை, ஆகவே ஆக்சலேட் கிருமியுடையது, சுண்ணாம்பு என்னுடையது. அவர் எழுந்து லேப்புக்கு வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, மூடின குழாயை வெளிச்சத்தில் பிடித்து அடியில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்தார். நெல் டாக்டரம்மா சொன்ன கிருமியின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டார். அந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்தை அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார், "தண்ணி விஷயத்தை நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் இந்தக் கடிதத்தை முடிச்சுக் கொடுத்திருப்பேன்."

அடுத்த நாளே காய்ச்சல் இறங்கிவிடவில்லை. இந்த நோயில் அப்படி இறங்காது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு காலையும் முதலில் அவருடைய சார்ட்டைப் போய்ப் பார்ப்பேன். மூச்சு வாங்குவது முதலில் குறைந்தது. தட்டணுக்கள் ஏறின. ஒரு நாள் காலையில் போனபோது பரமசிவம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சட்னி சரியில்லை என்று புகார் வேறு. அந்தப் புகாரைக் கேட்டு வார்டு வாசலில் நின்று அழுதுவிட்டேன். பெரிய லேபிலிருந்து முடிவு வந்தது, அந்த வயல் கிருமியால் வருகிற மெலியாய்டோசிஸ்தான்; குருவிகுளத்துக்காரருடையது சாதாரண சூடோமோனாஸ். மாதக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மோந்து பார்த்த குற்றத்துக்கு நானும் மூன்று வாரம் மாத்திரை தின்றேன். தினமும் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்தேன். பிளேட்டை மோந்து பார்க்காதீர்கள். நான் தப்பியது என் சாமர்த்தியத்தால் இல்லை.

என் பழைய அறிக்கையை அடித்துவிட்டு, லேப் தவறு என்று காரணம் எழுதி, பிராத் தயாரித்த தண்ணீரையும் குறிப்பிட்டு, புது அறிக்கை கொடுத்தேன். அதன் நகலைத் தலைமை நர்ஸிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஜெயராணியின் விளக்கக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். ஜெயராணியிடம் மன்னிப்புக் கேட்டபோது, சரிக்கா, டீ குடிச்சாச்சா என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. எனக்கு மனது ஆறவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று பேச்சியம்மாள் லேப் வாசலில் வந்து நின்றார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். அன்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றது நல்லதாகப் போயிற்று, அந்த நிலையில் ஊசி போட்டிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் தாங்கியிருக்க மாட்டார், பயந்ததுகூட ஒரு நல்லதுக்குத்தான் என்று நான் பெருந்தன்மையாக ஆரம்பித்தேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"பயந்து நிக்கலக்கா. எங்க வீட்டுக்காரரு பேரைக் குப்பியில நான் கண்ணால பாத்தேன்லா. சிஸ்டருட்ட கேட்டேன், இப்படி எழுதிட்டாவளேன்னு. அதுக்கு அவுக சொன்னாவ, லேப் அக்கா ஒருக்கத் தப்பாப் பாத்தாலும் பாத்திருவாவ, ரெண்டாவது ஒருக்கப் பாக்காம விட மாட்டாவ, ரெண்டு நாளு மட்டும் கையெழுத்துப் போடாம இருந்துக்கோன்னு. அதான் இருந்தேன்."

எப்போது சொன்னாள் என்று கேட்டேன். தலைமை நர்ஸ் அறையில் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததுமே சொன்னாளாம். அதாவது, என்னிடம் வந்து மறுபடி பார்க்கச் சொல்வதற்கும் முன்னால். நான் அவள் பெயரைக் கெடுத்து எழுதிய அந்த மணி நேரத்தில், அவள் என்னைப் பிணையாக வைத்து ஒரு உயிருக்கு இரண்டு நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் எந்த பிளேட்டையும் ஒரு முறை மட்டும் பார்த்து மூடியதில்லை. அதை என் ஒழுக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இல்லை பிள்ளைகளே. ஜெயராணி என்னைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தாள், அதை உண்மையாக்க எனக்கு மிச்சம் இரண்டு வருஷம்தான் இருந்தது.